நிழல் சினிமாவின் சரித்திரம் – 11: அறுபதுகளின் மனப்பிறழ்வுப் படங்களும் அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களும்

1960ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஏப்ரலில் லண்டனில் மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’. ஜூனில் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. இரண்டிலும் கொலைகாரன் சாதுவாகப் பேசும் கூச்ச சுபாவமுள்ள இளைஞன். பணத்துக்காகவோ பழிக்காகவோ அவன் கொல்வதில்லை. சிறு வயதில் மனத்தில் விழுந்த காயமே அவனை அந்த இடத்துக்குக் கொண்டு வருகிறது. பவலின் படத்தைப் பிரிட்டிஷ் விமர்சகர்கள் குதறிவிட்டார்கள். சில நாட்களிலேயே அது அரங்குகளிலிருந்து தூக்கப்பட்டது. பிரிட்டனில் பவலின் தொழில் அதன்பின் நிமிரவே இல்லை. ‘சைக்கோ’வின் கதை நேர்மாறு. சுமார் 8 லட்சம் டாலர் செலவில், ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடருக்கு வேலை செய்த குழுவை வைத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம், போட்ட பணத்தைப் பல மடங்காகத் திருப்பித் தந்தது.

பெரிய நட்சத்திரக் கூட்டம் வேண்டாம், வண்ணம் வேண்டாம், அரக்கர்களுக்கு ஒப்பனை வேண்டாம். ஒரு வீடு, ஒரு கத்தி, ஒரு நோயின் பெயர் போதும். இந்தக் கணக்கை மற்ற எல்லோரையும்விடக் கூர்ந்து படித்தவர்கள் அமெரிக்காவின் சின்னத் தயாரிப்பாளர்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர்கள் எடுத்துத் தள்ளிய மனப்பிறழ்வுப் படங்களில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போயின. மிஞ்சியவையும் முறையான பாதுகாப்பால் மிஞ்சவில்லை. சட்டத்தில் விழுந்த ஓட்டைகளும் தனிமனிதர்களின் சேகரிப்பு வெறியும்தான் அவற்றை நம் காலம் வரை கொண்டுவந்தன.

இந்தச் சரக்குக்கு அப்போது ஏன் அவ்வளவு கிராக்கி? 1955இல் அமெரிக்க மாநில அரசுகளின் மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5.6 லட்சம் பேர் அடைபட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவருடைய அத்தையோ மாமனோ ‘உள்ளே’ இருந்தார்கள். அதைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. ஃபிராய்டின் கலைச்சொற்கள் வாரப் பத்திரிகைகள் வழியே வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்திருந்தன. 1957இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் எட் கீன் என்ற பண்ணைக்காரர் கைதானபோது, அவர் வீட்டில் கிடைத்தவற்றைப் படித்து நாடே உறைந்தது. அதே மாநிலத்தில் அப்போது வசித்த ராபர்ட் பிளாக் எழுதி 1959இல் வெளியான நாவலிலிருந்துதான் ‘சைக்கோ’ பிறந்தது.

தொழில் நிலைமையும் தோதாக இருந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களிடமிருந்து தியேட்டர்களைப் பிரிக்க வழிசெய்தது. ஸ்டுடியோக்கள் படங்களைக் குறைத்தன. தியேட்டர்காரர்கள் திரையிடப் படம் தேடி அலைந்தார்கள். ஐம்பதுகளின் இறுதியில் காரில் இருந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகள் மட்டும் ஏறக்குறைய 4,000 இருந்தன. வாரந்தோறும் அவற்றுக்கு இரட்டைப் படங்கள் வேண்டும். 1952இல் சினிமாவும் கருத்துரிமைக்கு உட்பட்டதே என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மாநிலத் தணிக்கைக் குழுக்களின் பிடி ஒவ்வொரு வழக்காகத் தளர்ந்துகொண்டிருந்தது. பெரிய கம்பெனிகள் காட்டத் துணியாததைக் காட்டுவதாகச் சொல்லி விற்பதே எக்ஸ்ப்ளாய்டேஷன் தொழில். அதில் பல நேரம் முதலில் தலைப்பும் போஸ்டரும் தயாராகும்; கதை பிறகு வரும்.

விளம்பர மன்னர் வில்லியம் காசில் 1961இல் ‘ஹோமிசைடல்’ எடுத்தார். உச்சக்கட்டத்துக்கு முன் திரையில் 45 விநாடிக் கடிகாரம் ஓடும். பயந்தவர்கள் அதற்குள் எழுந்து போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனால் ‘கோழைகளின் மூலை’யில் எல்லோரும் பார்க்க நின்றுதான் வாங்க வேண்டும். லண்டனின் ஹேமர் நிறுவனம் ஜிம்மி சாங்ஸ்டரின் திரைக்கதைகளில் ‘பாரனாயக்’, ‘நைட்மேர்’, ‘ஹிஸ்டீரியா’ என்று நோய்க்குறிப்பேட்டிலிருந்து எடுத்தது போன்ற பெயர்களை வைத்தது. தலைப்பில்தான் நோய் பெரிதாக நிற்கும். உள்ளே பெரும்பாலும் சொத்துக்காக யாரையாவது பைத்தியமாக்கப் பார்க்கும் உறவினர்களின் சதி, அதாவது 1955இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘லே டியபோலிக்’கின் வாரிசுகள். இவையெல்லாம் ஓரளவு வசதியுள்ள படங்கள். இவற்றின் நெகட்டிவ்கள் நிறுவனங்களிடம் பத்திரமாக இருந்தன. சேகரிப்பாளர்களின் உண்மையான வேட்டை இதற்கும் கீழ்த்தட்டில் தொடங்குகிறது.

ரோஜர் கார்மன் அயர்லாந்தில் ஒரு கார் பந்தயப் படத்தை முடித்ததும், அதில் வேலை செய்த பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா என்ற இளைஞரை மிச்சப் பணத்துடன் அங்கேயே ஒரு ‘சைக்கோ’ சாயல் படம் எடுக்க விட்டார். சுமார் 40,000 டாலரில் 1963இல் உருவானது ‘டிமென்ஷியா 13’. ரத்தம் போதவில்லை என்று கார்மன் ஜாக் ஹில்லை வைத்துக் கூடுதல் கொலைக்காட்சி எடுத்தார். நீளமும் போதவில்லை என்று படத்துக்கு முன்னால் ஒரு ‘மருத்துவர்’ தோன்றி, பார்வையாளர்களின் மனநிலையைச் சோதிக்கும் கேள்விகளைக் கேட்கும் பகுதி ஒட்டப்பட்டது. மருத்துவத்தின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் எதையும் விற்கலாம் என்பதற்கு இந்தப் பகுதியைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

அதே ஆண்டு வந்த ‘தி சேடிஸ்ட்’ வேறு ரகம். பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போகும் மூன்று ஆசிரியர்களின் கார் வழியில் பழுதாக, பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் ஒரு கொலைகார ஜோடியிடம் சிக்குகிறார்கள். 1958இல் நெப்ராஸ்காவைக் கதிகலங்க வைத்த சார்லஸ் ஸ்டார்க்வெதர் கொலைகள்தான் மூலம். கதை நிகழும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. இதன் ஒளிப்பதிவாளர் 1956 எழுச்சிக்குப் பின் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த வில்மோஸ் சிக்மண்ட். பின்னாளில் ‘குளோஸ் என்கவுன்டர்ஸ்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். வெயிலில் பளபளக்கும் உடைந்த கார்களின் நடுவே அவர் பிடித்த கோணங்களைப் பார்த்தால், இது டிரைவ்-இன் சரக்கு என்று ஒதுக்க மனம் வராது.

சாமுவேல் ஃபுல்லரின் ‘ஷாக் காரிடார்’ (1963) இந்தப் பட்டியலில் நெஞ்சில் அறைவது. கொலை ஒன்றைத் துப்பறியப் பைத்தியம் போல நடித்து மனநல மருத்துவமனைக்குள் நுழையும் பத்திரிகையாளன் கடைசியில் உண்மையிலேயே மனம் சிதைகிறான். உள்ளே அவன் சந்திப்பவர்களில் ஒருவர், வெள்ளையர்களின் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்ட கறுப்பின மாணவர். வெறுப்பின் பாரம் தாங்காமல் தன்னையே கூ கிளக்ஸ் கிளான் உறுப்பினராக நினைத்துக்கொள்கிறார். நோயை வித்தையாகக் காட்டும் ஒரு வகைக்குள் இருந்துகொண்டே, நோய் எந்தச் சமூகத்தில் விளைகிறது என்று ஃபுல்லர் கேட்டார். 1996இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்ந்தது.

‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்தை எடுத்த ஹெர்க் ஹார்வி ஹாலிவுட்காரரே அல்ல. கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் என்ற நிறுவனத்தில் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்குமான பாடப்படங்களை இயக்கி வந்தவர். கலிபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும் வழியில், உப்பு ஏரிக் கரையில் பாழடைந்து நின்ற சால்டேர் கேளிக்கை மண்டபம் அவர் கண்ணில் பட்டது. சக ஊழியர் ஜான் கிளிஃபோர்ட் கதை எழுதினார். உள்ளூர் வியாபாரிகளிடம் பணம் திரட்டி, விடுப்பு எடுத்துக்கொண்டு, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய குழுவுடன் சுமார் மூன்று வாரத்தில் படப்பிடிப்பை முடித்தார் ஹார்வி. மொத்தச் செலவு 33,000 டாலர் அளவில். நாயகி கேண்டஸ் ஹில்லிகாஸ் நியூயார்க்கிலிருந்து வந்த நடிகை. படத்தில் அவர் பின்னாலேயே வரும் வெளிறிய முக உருவமாக நடித்தவர் ஹார்வியே.

பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழும் விபத்தில் தப்பி வரும் மேரி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அங்கே திடீர் திடீரென்று உலகத்தின் ஓசைகள் அடங்கிவிடுகின்றன. கடைக்காரர்கள் அவளைப் பார்ப்பதே இல்லை. ஒரு மருத்துவர் அவளை உட்காரவைத்து விளக்கம் சொல்கிறார், அவருடைய விளக்கம் அவளுக்கு உதவவில்லை. கத்தியும் இல்லை, கொலைகாரனும் இல்லை. தனிமை மட்டுமே இவ்வளவு அச்சம் தரும் என்று அந்தப் பத்தாண்டில் வேறு எந்த மலிவுப் படமும் காட்டவில்லை. 1962 செப்டம்பரில் லாரன்ஸில் முதல் காட்சி நடந்தது. விநியோகத்துக்கு எடுத்த ஹெர்ட்ஸ்-லயன் நிறுவனம் டிரைவ்-இன்களுக்காகப் படத்தை வெட்டிச் சுருக்கியது, பிறகு திவாலானது. போட்ட பணம் கைக்கு வரவில்லை. ஹார்வி மறுபடி பாடப்படங்களுக்கே திரும்பினார்; இன்னொரு கதைப்படம் அவர் எடுக்கவில்லை.

ஜாக் ஹில் 1964இல் எடுத்த ‘ஸ்பைடர் பேபி’க்கும் இதே தலையெழுத்து. ‘மெர்ரி நோய்’ என்று தாமே கற்பித்த ஒரு வியாதியால், வளர வளர மனத்தால் குழந்தைப் பருவத்துக்கும் அதற்கும் முந்தைய விலங்கு நிலைக்கும் சரியும் ஒரு குடும்பம்; அவர்களை அன்போடு பார்த்துக்கொள்ளும் காரோட்டியாக முதிய லான் சேனி ஜூனியர். தயாரிப்பாளர்கள் நொடித்துப்போனதால் படம் கடன் வழக்கில் முடங்கி, எடுத்துச் சில ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தது. அதுவும் வேறு வேறு பெயர்களில்.

இந்தப் படங்கள் செய்த தீங்கையும் சொல்லியாக வேண்டும். மனநோயாளி என்றால் கத்தி தூக்குபவர் என்ற பயத்தை அவை காசாக்கின. நோயாளிகளை மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே, ஊருக்குள் வைத்தே பராமரிக்கும் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட 1963இல்தான் திரையெங்கும் தப்பியோடிய பைத்தியங்கள் திரிந்தார்கள். பிரிட்டனில் 1968இல் வந்த ‘ட்விஸ்டட் நெர்வ்’ டவுன் சிண்ட்ரோமையும் கொலைவெறியையும் முடிச்சுப்போட்டது. எதிர்ப்பு கிளம்பியதால், அப்படியொரு தொடர்புக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்ற அறிவிப்புக் குரலைப் படத்தின் தொடக்கத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. லண்டன் சோஹோவில் சினிமா கிளப் நடத்திய மைக்கேல் கிளிங்கரும் டோனி டென்சரும் பணம் போட்ட ‘ரிபல்ஷன்’ (1965) இதற்கு எதிர்க்கரையில் நிற்கிறது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் ஒரு மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்டபின் வெட்டில்லாமல் அனுமதித்த படம் அது. பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடியும் வாங்கியது. ஒரே தொழில், ஒரே சந்தை. இயக்குநர் நோயாளியின் பக்கம் நின்று பார்த்தாரா, பார்வையாளரின் பக்கம் நின்று சுட்டிக் காட்டினாரா என்பதில்தான் இவ்விரு படங்களும் பிரிகின்றன.

பிரிண்ட்கள் அழிந்ததற்குக் காரணம் விநியோக முறையிலேயே இருந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் வெளியிட இவர்களிடம் வசதி கிடையாது. ஏரியா ஏரியாவாக உரிமையை விற்றார்கள். குறைந்த எண்ணிக்கையில் போட்ட பிரிண்ட்கள் ஊர் ஊராகச் சுற்றின. கட்டுப்பாடான ஊருக்கு ‘குளிர்ந்த’ பிரதி, தளர்ந்த ஊருக்கு ‘சூடான’ பிரதி என்று ஒரே படத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்ததுண்டு. ஓடித் தேய்ந்ததும் புதுத் தலைப்பு ஒட்டி மறுபடி அனுப்புவார்கள். முற்றிலும் ஓய்ந்தபின் கிடங்கு வாடகை கொடுத்து வைத்திருக்க யாருக்கும் மனமில்லை. பிரிண்ட் குப்பைக்குப் போகும். நெகட்டிவ் லேபில் கிடக்கும். தயாரிப்பாளர் பாக்கி வைத்திருந்தால் லேப் அதைத் தராது. லேப் மூடப்படும்போது அதுவும் குப்பைக்குத்தான். விந்தையாக, 1965 வரை இயங்கிய நியூயார்க் மாநிலத் தணிக்கைப் பிரிவு அனுமதி விண்ணப்பங்களோடு வாங்கிய வசனப் பிரதிகள் மாநில ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. படம் தொலைந்தாலும் அதில் யார் என்ன பேசினார் என்பதைத் தணிக்கையாளர்கள் புண்ணியத்தில் படிக்க முடிகிறது.

காப்பாற்றிய ஓட்டை பதிப்புரிமைச் சட்டத்தில் இருந்தது. அன்று நடப்பிலிருந்த 1909ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, படத்தில் உரிமை அறிவிப்பு இல்லாவிட்டால் அது பொதுவுடைமை. 1963 வரை வந்த படங்களுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்கவும் வேண்டும். அவசரத்தில் எடுத்தவர்கள் இதில் கோட்டை விட்டார்கள். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ அறிவிப்பில்லாமலே போனது. ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்போடு இருந்த அறிவிப்பும் விழுந்துவிட்டது. எடுத்தவர்களுக்கு இது பெரும் அநியாயம். பல்லாண்டு வருமானம் பறிபோயிற்று. ஆனால் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம் என்றானதால் இந்தப் படங்கள் 16 மி.மீ. பிரதிகளாகப் பெருகி, உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களின் நள்ளிரவு நேரத்தை நிரப்பின. ஹார்வியின் படத்தை ஒரு தலைமுறை கண்டெடுத்தது அப்படித்தான். 1989இல் அது மறுபடி தியேட்டருக்கு வந்தபோது ரசிகர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

தொலைக்காட்சி நிலையங்கள் கழித்துக்கட்டிய அந்த 16 மி.மீ. பிரதிகள்தான் முதல் சேகரிப்பாளர்களின் மூலதனம். ஆனால் அவர்கள் பயந்து பயந்துதான் சேர்த்தார்கள். பிரிண்ட்களை வாடகைக்கே விடுகிறோம், விற்பதில்லை, ஆகவே தனியார் கையில் இருப்பதெல்லாம் திருட்டுப் பொருள் என்பது பெரிய ஸ்டுடியோக்களின் வாதம். 1974 டிசம்பரில் நடிகர் ராடி மெக்டவாலின் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து 160க்கும் மேற்பட்ட படங்களையும் ஏராளமான வீடியோ கேசட்டுகளையும் அள்ளிச் சென்றது. அவர் மீது வழக்குப் போடவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி சேகரிப்பாளர்களைப் பல ஆண்டுகள் வாய் மூடவைத்தது. தம்மிடம் என்ன இருக்கிறது என்று சொல்லவே அஞ்சியதால், தொலைந்ததாக எண்ணப்பட்ட படங்கள் யாரோ ஒருவரின் கார் ஷெட்டில் உறங்கின.

அவர்கள் கையில் இருந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தரப்படாதது. கோடாக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். அதே குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், மற்ற அடையாளங்களையும் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாசம் வந்தால் அசிடேட் அடிப்பொருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைக்க வேண்டும். அக்காலத்து ஈஸ்ட்மன் வண்ணப் பிரிண்ட்கள் நீலமும் மஞ்சளும் மங்கி வெறும் சிவப்பாகிவிட்டன. மலிவு மனப்பிறழ்வுப் படங்களில் பெரும்பாலானவை இதில் தப்பின. காசில்லாததால் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை அவை. வெள்ளி உப்பிலிருந்து உருவான அந்தப் பிம்பம், சரியாக வைத்திருந்தால், இன்றும் கூர்மையாக நிற்கிறது.

1980இல் பில் லாண்டிஸ் நியூயார்க்கின் 42ஆம் தெரு அரங்குகளில் ஓடிய படங்களைப் பற்றி ‘ஸ்லீசாய்ட் எக்ஸ்பிரஸ்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். 1983இல் மைக்கேல் வெல்டனின் ‘சைக்கோட்ரானிக்’ கலைக்களஞ்சியம் வந்தது. அதுவரை எந்த அகராதியிலும் இடம்பெறாத படங்களுக்கு ஆண்டும் இயக்குநரும் நடிகர்களும் அதில் பதிவாயின. தேடுவதற்கு ஒரு பட்டியல் கிடைத்தபிறகே சேகரிப்பு ஆராய்ச்சியாக மாறியது.

இந்த வரலாற்றில் ஒரு பெயரை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் அது மைக் வ்ரானி. முன்பு படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்த அவர், 1990இல் சியாட்டிலில் ‘சம்திங் வியர்ட் வீடியோ’வைத் தொடங்கினார். ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 1967இல் எடுத்த ஒரு படத்தின் பெயர் அது. தயாரிப்பாளர் டேவிட் ஃபிரீட்மன் தம் கிடங்கை அவருக்குத் திறந்துவிட்டார். பழைய தயாரிப்பாளர்களைத் தேடிப் பிடித்து, குப்பை என்று அவர்களே ஒதுக்கிய நெகட்டிவ்களை வாங்கி, ஆயிரக்கணக்கான தலைப்புகளை வ்ரானி கேசட்டில் கொண்டுவந்தார். இயக்குநர் ஃபிராங்க் ஹெனென்லாட்டர் அவரோடு சேர்ந்து பல படங்களை வெளியிட்டார். முழுநீளப் படங்களோடு வ்ரானி நிற்கவில்லை. டிரெய்லர்கள், இடைவேளை விளம்பரத் துண்டுகள், பெயர் தெரியாத சிறுபடங்கள் அனைத்தையும் ஒரே மதிப்போடு சேர்த்தார். அரசு உதவியோ அறக்கட்டளை நிதியோ இல்லாமல், கேசட் விற்ற காசில் நடந்த காப்பகம் அது. 2014 ஜனவரியில் 56 வயதில் அவர் புற்றுநோயால் இறந்தபின் அவர் மனைவி லிசா பெட்ரூச்சி நிறுவனத்தைத் தொடர்ந்தார். டெக்சஸின் ஆஸ்டினில் இயங்கும் அமெரிக்கன் ஜானர் ஃபிலிம் ஆர்க்கைவ் அவருடன் சேர்ந்து அந்தச் சேகரத்தைப் புதிதாக ஸ்கேன் செய்து வெளியிட்டு வருகிறது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஸ்டேட்டன் தீவில் செய்திப்படக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, வெறுப்பால் வெந்துபோன குடும்பங்களைப் பற்றியே படமெடுத்த ஆண்டி மில்லிகனின் அறுபதுகளின் படைப்புகளில் பல இன்றும் காணோம். அவர் லண்டனில் எடுத்த ‘நைட்பேர்ட்ஸ்’ தப்பியது. டேனிஷ் இயக்குநர் நிக்கோலஸ் விண்டிங் ரெஃபனின் கைக்கு வந்த பிரிண்டிலிருந்து 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதை வெளியிட்டது. பெர்ட் வில்லியம்ஸின் ‘தி நெஸ்ட் ஆஃப் தி குக்கூ பேர்ட்ஸ்’ (1965) பல பத்தாண்டுகள் தொலைந்த படங்களின் பட்டியலில் கிடந்து, பின்பு மீண்டது. அதையும் ரெஃபன் 2018இல் தொடங்கிய இணையத் திரையில் இலவசமாகக் காட்டினார்.

தனியார் டப்பாக்களிலிருந்து நிறுவனங்களின் குளிர்பதன அறைகளுக்கு இந்தப் படங்கள் நகர நகர, எந்த வடிவத்தைக் காப்பது என்ற கேள்வி வந்திருக்கிறது. 2021இல் கொப்போலா ‘டிமென்ஷியா 13’இன் தம் சொந்த வடிவத்தை வெளியிட்டார். கார்மன் சேர்க்கச் சொன்னவை அதில் நீங்கின. படைப்பாளியின் உரிமை என்ற வகையில் அது நியாயமே. ஆனால் 1963இல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் பார்த்தது அதுவல்ல. அவர்கள் பார்த்த கூடுதல் கொலைக்காட்சியும் போலி மருத்துவச் சோதனையும் பழைய பிரிண்ட்களில் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் அவற்றைக் கைவிட மறுப்பதற்கு அதுவே காரணம். அந்த வெட்டும் ஒட்டும் சேர்ந்ததுதான் அந்தத் தொழிலின் ஆவணம்.